அடிமட்டம் வைத்து வாசித்தவர்

போன கிழமை, பழைய கந்தோரில் என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி போனில் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, எழுத்தை இம்ப்ரூவ் பண்ணுறதுக்கு நல்ல புத்தகம் கொஞ்சம் சொல்லுங்கோ. ஒன்லைன்ல இருந்தாலும் பரவாயில்லை." அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறதாம். இனி வெளியே போகிற கடிதங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பாம். என் போனில் எப்போதும் இருக்கிற பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன். அச்சில் பதினொன்று, இணையத்தில் நான்கு. இந்தப் பட்டியலை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது. அதில் ஒன்றை வாங்கினேன், வாசித்தேன் என்று இன்றுவரை ஒரு மனிசரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அனுப்பிவிட்டுப் போய்க் கட்டிலில் சரிந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு செய்தி அனுப்பினாலே எனக்கு அலுத்துப் போகிறது.

ஆனால் அந்தப் பதினைந்தும் போன வருடம் என்னை எந்த இடத்தில் கைவிட்டன என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. அதை போனில் சொல்ல முடியாது.

கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கடிதப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். சனத்துக்கு இல்லை என்று சொல்வதுதான் அங்கே என் வேலை. நட்டஈடு கேட்டு எழுதுவார்கள். கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்று தமிழிலும் இங்கிலிஷிலும் எழுத வேண்டும். சேர்ந்த முதல் மாதமே என் கடிதமொன்றை மேலதிகாரி சிவப்பு மையால் கிழிகிழியென்று கிழித்து அனுப்பினார். அன்றைக்குப் பின்னேரமே காலி வீதியில் இறங்கி ஒரு புத்தகம் வாங்கினேன். வர்த்தகக் கடிதங்களுக்கான வழிகாட்டி. அது தொடக்கம். பிறகு சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்கான கட்டுரைக் கையேடு, இந்தியாவில் அச்சான 'முப்பது நாளில் எழுத்தாளர்' வகையில் இரண்டு மூன்று, நல்ல வசனம் எழுதுவது எப்படியென்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திட்டித் திட்டிச் சொல்லித் தருகிற மெல்லிய புத்தகம், சொற்களஞ்சியம் ஒன்று. மருதானை நடைபாதையிலும் நிறைய வாங்கியிருக்கிறேன். அங்கே வாங்கிய எழுத்து வழிகாட்டிகளுக்கெல்லாம் ஒரே குணம். முன்னுக்கு இருந்த சொந்தக்காரர் இருபதாம் பக்கம் வரைக்கும் பென்சிலால் கோடு போட்டிருப்பார். அதற்குப் பிறகு தாள் புத்தம் புதிதாக இருக்கும்.

ஒவ்வொன்றாக நான் வீட்டுக்குக் கொண்டுவரும்போது என் கணவர் கதவைத் திறந்துவிட்டு என் கையைத்தான் முதலில் பார்ப்பார்.

"இன்னுமொண்டோ? இஞ்சாரும், புத்தகம் வாசிச்சு எழுத்து வருமெண்டால், அந்தச் சமையல் புத்தகம் வாசிச்சு உமக்குச் சமையலும் வந்திருக்க வேணுமே."

"உங்களுக்கு என்ன, கொன்டெய்னர் நம்பர் வாசிக்கிற ஆளுக்கு இதெல்லாம் விளங்காது" என்பேன் நான்.

அவர் வேலை அதுதான். ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் கிளார்க். பெட்டியில் இருக்கிற இலக்கமும் சீலில் இருக்கிற இலக்கமும் தாளில் இருக்கிற இலக்கமும் ஒன்றுதானா என்று பார்த்து விடுவது. ஒரு எழுத்து மாறினால் லொறி வாசலில் நிற்கும், ஆட்கள் கத்துவார்கள். ஆகவே அவர் எதை வாசித்தாலும் கோடு போடுகிற ஓர் இரும்பு அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்தித்தான் வாசிப்பார். பேப்பரும் அப்படித்தான், கரண்ட் பில்லும் அப்படித்தான். கலியாண வீட்டு அழைப்பிதழை அடிமட்டம் வைத்து வாசித்த ஒரே மனிதரை நான் கட்டியிருந்தேன்.

நான் எழுதியதையும் அவர் அப்படித்தான் வாசிப்பார். கந்தோர்க் கடிதம், கோயில் மலருக்கு எழுதிய கட்டுரை, மகளின் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவுக் கடிதம், எல்லாமே ஒருமுறை அந்த அடிமட்டத்தின் மேலால் போய் வந்தவை. வாசித்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் 'பிழை இல்லை' என்று எழுதித் திருப்பித் தருவார். நல்லது என்று சொல்ல மாட்டார், அழகு என்று சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வரும். இவ்வளவு புத்தகம் வாசித்து எழுதுகிறேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்தா போய்விடுவார்? பிறகு பழகிவிட்டது. அவர் அதை எழுதித் தராமல் நான் எதையும் வெளியே அனுப்பியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கனடாவில் இருக்கிற மகள் என்னை ஒன்லைன் வகுப்புகளில் சேர்த்துவிட்டாள். ஒன்றில் ஒரு மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார். பத்துப் பாடம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், "நீங்கள் ஏற்கனவே ஒரு எழுத்தாளர்தான்" என்று சொல்லுவார். ஐயோ, அப்படியென்றால் மிச்சப் பாடம் எதற்கு? இன்னொன்றில் நாம் எழுத எழுதக் கீழே சிவப்புக் கோடு விழும். வேறொன்று ஒவ்வொரு திங்களும் ஒரு அறிவுரையை மெயிலில் அனுப்பும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். சான்றிதழும் வந்தது. அதை பிரிண்ட் எடுத்தபோது இவர் அடிமட்டம் வைத்து என் பெயரைச் சரிபார்த்தார்.

இனி நான் செய்த மற்ற வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தோம். அப்போது பக்கத்து ஒழுங்கையில் ஓர் அச்சகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கலியாணக் கார்ட், பில் புத்தகம் எல்லாம் அடித்தாலும் அவர்களின் முக்கிய வேலை கல்வெட்டு. எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுக்க வேண்டும். அதைத்தான் கல்வெட்டு என்பது. முதலில் படம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, பதிகங்கள், கடைசியில் புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஆளுக்கு எட்டு வரி. அழுகிறவர்கள் பாவம், அவர்களுக்குப் பாட்டுக் கட்டவா தெரியும்? அதற்கு ஆள் வேண்டும். அச்சகக்காரத் தம்பிக்கு நான் எழுதுகிற ஆள் என்று தெரியும். அப்படியே அது என் தலையில் விழுந்தது.

ஒரு தாளில் விபரம் வரும். பிறந்த ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை, என்ன நோய் வருத்தத்தில் போனார். அதை வைத்து அவருடைய மனைவிக்காக நான் புலம்ப வேண்டும். அவளை நான் கண்டிருக்க மாட்டேன். தொடக்கத்தில் ஒரே மாதிரியே வந்தது. தீபம் அணைந்தது, தெய்வம் அழைத்தது. எனக்கே வெறுத்துப்போய் அந்த வெள்ளைக்காரக் கிழவரின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பொதுவாகச் சொல்லாதே, கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல் என்று அதில் இருந்தது. அந்த நேரம் ஹெந்தளையில் ஒரு வீட்டிலிருந்து விபரத்தாள் வந்தது. அவர்கள் வீட்டு முற்றத்தில் என்ன இருக்கிறது என்று தம்பியைக் கேட்டேன். ஒரு மாமரம், செத்த மனிதர் பின்னேரத்தில் அதன் கீழே கதிரை போட்டு இருப்பார் என்றார். எழுதினேன்.

'முற்றத்து மாமரமும் முகம்வாடி நிற்குதையா
ஒற்றையாய் நான்நிற்க ஒருசொல்லும் இல்லையா'

என்று தொடங்கி எட்டு வரி. அதை எழுதி முடித்தபோது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஹெந்தளையில் அந்தப் பெண் அதை வாசித்துவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாளாம். தம்பி வந்து சொன்னார். புத்தகம் படித்து எழுத்து வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று என் கணவரிடம் கேட்டேன்.

இவர் அடிமட்டத்தை வைத்து எட்டு வரியையும் வாசித்தார். அந்த அச்சகத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவரின் இறந்த திகதியை மாற்றி அடித்துவிட்டு அந்தச் சனத்திடம் வாங்கிக் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து, அச்சடிக்க முன் எடுக்கிற புரூவ் தாளில் பிழை இல்லை என்று யாராவது எழுதி ஒப்பம் வைத்துக் கொடுக்காமல் மெஷினைப் போட மாட்டார்கள். நான் எழுதிய பக்கங்களுக்கெல்லாம் இவர்தான் எழுதி ஒப்பமும் வைப்பார். அன்றைக்கும் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் செத்தாலும் எனக்கும் இதைத்தான் போடுவீரோ?"

"உங்களுக்குத் தனியா எழுதித் தாறன். முதல்ல சாகுங்கோ பாப்பம்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்போது முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியொரு வாக்குக் கொடுத்தது அன்றைக்குப் பின்னேரமே மறந்துபோய்விட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் நாலாம் மாடிக்கு வந்துவிட்டோம். தம்பி புலம்பல் கேட்பதும் வரவரக் குறைந்தது. வருடத்துக்கு ஒன்று, இரண்டு. இப்போது எல்லாம் இணையத்தில் எடுத்துப் போடுகிறார்கள் போல என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட.

போன வருடம் ஒரு புதன்கிழமைக் காலை, இவர் தேத்தண்ணி குடித்துவிட்டு பல்கனியில் பேப்பரோடு இருந்தார். நான் மீன் வாங்கிவர மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது தலை சரிந்திருந்தது. நித்திரை என்று நினைத்து, "வெயில் முகத்தில அடிக்குது, உள்ளுக்கு வாங்கோவன்" என்று திட்டிக்கொண்டே மீனைக் கழுவப் போய்விட்டேன். கழுவி, வெட்டி, மஞ்சள் போட்டுப் பிரட்டி வைத்த பிறகுதான் போய்த் தொட்டேன். அடிமட்டம் பேப்பரில் ஒரு வரிக்குக் கீழே நின்றது. எங்கள் பகுதிக்கு நீர்வெட்டு என்ற அறிவித்தல். அவர் கடைசியாக வாசித்தது அதுதான்.

மகள் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். இவருடைய தமையனார் கல்கிசையிலிருந்து தினமும் வந்து, ஐயருக்குச் சொல்வது, சாமான் வாங்குவது எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பாவம், எழுபத்தாறு வயது. தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தை அவர் பட்டியல் போட்டே கழித்தார். எட்டாம் நாள் அச்சகக்காரத் தம்பி வந்தார். வாழ்க்கைக் குறிப்பைத் தமையனார் எழுதுவதாகவும், மக்கள் புலம்பலை அச்சகக்காரத் தம்பியே பார்த்துக்கொள்வதாகவும் முடிவானது.

"மனைவி புலம்பல் அக்கா நீங்கள்தானே" என்றார் தம்பி. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "இருபத்துநாலாம் நாளுக்கு முன்னம் தந்தீங்களெண்டால் போதும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான்தானே.

பத்தாம் நாள் பேனையை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. சரி, பதினைந்து வழிகாட்டிகள் இருக்கின்றன, ஏதாவது ஒன்று வழி காட்டாதா என்று அலுமாரியைத் திறந்தேன். கட்டுரைக் கையேடு முன்னுரையில் பொருளை அறிமுகம் செய் என்றது. யாருக்கு யாரை அறிமுகம் செய்வது? இன்னொன்று, வாசகர் யார் என்று முதலில் தீர்மானி என்றது. இதை வாசிக்க வேண்டிய ஒரே ஆள் படத்துக்குள் மாலையோடு இருந்தார். பல்லைக் காட்டுகிறவரின் மூன்றாம் பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் ஏற்கனவே ஒரு எழுத்தாளர்தான் என்று அவர் சொன்னபோது மடிக்கணினியைப் படாரென்று மூடினேன். மகள் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

கடைசியாக ஒரு புத்தகத்தில் இருந்த பயிற்சியைச் செய்தேன். பத்து நிமிடம் பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல், யோசிக்காமல், வருவதையெல்லாம் எழுது என்பது அது. எழுதினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் குற்றச்சாட்டு. குளித்துத் தலை துடைத்துவிட்டு நனைந்த துவாயைக் கட்டிலில் போடுவார். நான் வாசிக்க முன்னமே பேப்பரில் தனக்கு வேண்டியதை வெட்டி எடுத்துவிடுவார். பிந்தி வருகிற நாளில் ஒரு போன் எடுத்துச் சொல்ல மாட்டார். மீன் குழம்பு நல்லாயிருந்தால் வாய் திறக்க மாட்டார், உப்புக் குறைந்தால் மட்டும் திறப்பார். இரண்டு பக்கம் முழுக்க இதுதான். சீ, செத்த மனிசனைப் பற்றி எழுதுகிற எழுத்தா இது என்று மடித்து அந்தக் கிழவரின் புத்தகத்துக்குள் செருகினேன்.

இருபத்துநாலாம் நாள் வந்தது, போனது. தம்பி இரண்டு தரம் போன் எடுத்தார். ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் புதன்கிழமையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். மீன், வெயில், அடிமட்டம். சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. இருபத்தைந்தாம் நாள் மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, ஏலாட்டி விடுங்கோ. அச்சகக்காரரிட்ட ஏதாவது இருக்கும்தானே. போடட்டும்."

"ஓம், போடட்டும்" என்றேன். அவ்வளவு லேசாகச் சொன்னேன். அப்போது எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் படுப்பது ஒன்றுதான்.

இருபத்தேழாம் நாள் காலை புரூவ் போனுக்கு வந்தது. மகள் பெரிதாக்கிப் பிடித்தாள். பதினாலாம் பக்கம், மனைவி புலம்பல். முற்றத்து மாமரமும் முகம்வாடி நிற்குதையா.

நாலாம் மாடி. எங்களுக்கு முற்றம் எங்கே இருக்கிறது? பல்கனியில் ஒரு கற்பூரவள்ளிச் சாடி இருந்தது, அதுவும் நான் தண்ணீர் விடாமல் காய்ந்து கிடந்தது. உடனே தம்பிக்கு போன் எடுத்தேன்.

"இது நான் ஹெந்தளை ஆக்களுக்கு எழுதினதெல்லே?"

"ஓம் அக்கா, நீங்கள் எழுதினதுதான். அதைவிட நல்லதொண்டு எனக்குக் கிடைக்கேல்லை. இவ்வளவு வருசமும் அதைத்தான் எல்லாருக்கும் போடுறனான். எந்த வீட்டில குடுத்தாலும் சனம் அழுகுது. நீங்கள் சந்தோசப்படுவீங்களெண்டு நினைச்சன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏச வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லி ஏசுவது? குறிப்பான ஒன்றைச் சொல் என்ற அறிவுரையைக் கேட்டு நான் நட்ட மரம், கொழும்பு முழுக்க எத்தனை வீட்டு முற்றத்தில் நிற்கிறதோ. அத்தனை பெண்கள் என் எட்டு வரியைத் தங்கள் அழுகை என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டேன்.

அப்போது இரண்டாம் மாடியிலிருக்கிறவள் சோறு கொண்டு வந்திருந்தாள். புருசனை இழந்து நாலு வருடம். இந்த நாட்களில் வந்து ஒன்றும் கதைக்காமல் என்னோடு இருந்துவிட்டுப் போகிற ஒரே ஆள் அவள்தான். போனில் அந்தப் பக்கத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"இது எங்கட இவருக்கும் போட்டது அக்கா. சாமித்தட்டில வச்சிருக்கிறன்."

"உங்கட வீட்டிலயும் மாமரம் இல்லையே."

"இல்லைதான். எண்டாலும் வாசிக்கேக்க எங்களுக்கும் ஒண்டு இருந்த மாதிரி இருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

நான் எழுதியது என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது, இருக்கட்டும். ஆனால் இவர் என்னிடம் கேட்டவர். எனக்கும் இதைத்தான் போடுவீரோ என்று, என் முகத்தைப் பார்த்து, வாயால் கேட்டவர். தனியாக எழுதித் தருவேன் என்று சொன்னவள் நான். முருங்கைக்காய் நறுக்கிய கத்தி கையில் இருந்தது உட்பட எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பின்னேரம் மெஷின் போடுவதாகத் தம்பி சொல்லியிருந்தார்.

எழும்பிச் சேலை மாற்றினேன். கிழவரின் புத்தகத்துக்குள் செருகிய இரண்டு தாளையும், மூக்குக்கண்ணாடியையும், மேசையில் கிடந்த அடிமட்டத்தையும் கைப்பைக்குள் போட்டேன். அடிமட்டத்தை ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அது பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வாசலில் தமையனார், கையில் வாழைக்குலைக்குச் சொன்ன பட்டியலோடு.

"பிள்ளை, எங்க வெளிக்கிடுறீர்? முப்பத்தொண்டு முடியேல்லை. சனம் என்ன சொல்லும்?"

"கொட்டாஞ்சேனைக்கு. அச்சகத்துக்கு."

"போனில சொல்லலாம்தானே. இல்லாட்டி நான் போறன்."

"நான் தான் போக வேணும். நான் அவருக்குச் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார், அடிமட்டத்தைப் பார்த்தார். பிறகு வழிவிட்டு, மகளிடம், "அம்மாவோட போ. தண்ணிப் போத்தல் ஒண்டு எடு" என்றார். அந்த மனிதரை நான் அவ்வளவு காலமும் சரியாக அறிந்திருக்கவில்லை.

ஓட்டோ காலி வீதி நெரிசலில் நின்று நின்று போனது. நான் மடியில் தாளை விரித்து வைத்து வெட்டிக்கொண்டே போனேன். தேவையில்லாததை வெட்டு, பிறகு இன்னும் வெட்டு என்று பதினைந்து வழிகாட்டிகளும் சொல்லியிருந்தன. அது ஒன்று மட்டும் அன்றைக்கு உதவியது என்பதை நான் மறைக்கக்கூடாது. அச்சகத்தில் என்னைக் கண்டதும் தம்பி பதறிக்கொண்டு கதிரை போட்டார். மிச்சத்தை அந்த மேசையிலேயே எழுதி முடித்துக் கொடுத்தேன். அவர் வாசித்தார்.

'நனைந்த துவாயைக் கட்டிலில் போடாதீர்கள் என்று முப்பத்தெட்டு வருடம் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. இப்போது கட்டில் காய்ந்து கிடக்கிறது.

நான் எழுதியதையெல்லாம் அடிமட்டம் வைத்து வாசித்தீர்கள். உங்களுக்குத் தனியாக எழுதித் தருவேன் என்று ஒருநாள் சொன்னேன். அது இதுதான். கொஞ்சம் பிந்திவிட்டது.'

"அக்கா, இது பாட்டில்லையே" என்றார் தம்பி.

"இல்லை."

"அரைப் பக்கம் வெறுமையாக் கிடக்குமே. ஒரு பூப் படம் போடட்டோ?"

"வேண்டாம் தம்பி. கிடக்கட்டும்."

அவர் தானே இருந்து டைப் செய்து புரூவ் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பேனையையும் திறந்து தந்தார். முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே சொல்லியிருக்க வேண்டும்.

"பிழை இல்லை எண்டு எழுதி ஒப்பம் வையுங்கோ அக்கா."

சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. "நான் வேணுமெண்டால்..." என்று தொடங்கினார். மகள் என் தோளைப் பிடித்தாள். நான் கைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தேன். அவர் எப்படி நகர்த்துவாரோ அப்படியே நகர்த்தி வாசித்தேன். சின்னப் பக்கம், ஆனால் மூன்று தரம் வாசித்தேன். நான் எழுதியது ஒன்றை நானே அப்படி வாசித்தது அதுதான் முதல் தடவை. கட்டில் என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் அடிமட்டம் நின்றது.

பிறகு ஓரத்தில், அவர் எழுதுகிற இடத்தில், பிழை இல்லை என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லும் என் கையெழுத்தில் வேறு யாரோ எழுதியது போலக் கிடந்தன. கீழே ஒப்பம் வைத்தேன். தம்பி தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மெஷினைப் போடச் சொன்னார்.